ரிலீவ்ட்

இன்று காலை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. இந்த மாதக் கடைசியோடு என்னை ‘ரிலீவ்’ செய்கிறார்களாம். அந்தச் சொல்லை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது.

அப்பா உப்பலில் ஓர் இரும்புக் கம்பெனியில் பாரம் தூக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டதால், லேசான வேலை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருந்தார். தபாலில் பதில் வந்தது. வீட்டில் எனக்கு மட்டும்தான் இங்கிலீஷ் வாசிக்க வரும். அதிலிருந்த ‘ரிலீவ்ட்’ என்ற சொல்லுக்குப் பள்ளி அகராதியைப் புரட்டினேன். ‘பாரம் குறைக்கப்பட்ட’ என்று முதல் பொருள் இருந்தது.

“அப்பா, பாரத்தைக் குறைச்சிட்டாங்களாம்!”

அம்மா கேசரி கிளறினாள். திங்கட்கிழமை அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், தைல வாசனையோடு கிளம்பினார். பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவே இல்லையாம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. “கீழ வேற அர்த்தம் எதுனா போட்டிருக்கா, பாரும்மா” என்றார்.

மூன்றாவதாக இருந்தது. “பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட” என்று வாசித்தேன்.

“சரி, மூடி வை.”

அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு ‘மறுபடி தூக்கிவிடுதல்’ என்று பொருளாம். கல்லூரியில் அதைப் படித்த வருடம், அப்பா அதே இடுப்போடு போவன்பள்ளி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை.

இன்று வந்த மெயிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்த ஒரு சொல் மட்டும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.