வராந்தாவில் நடந்தவர்

வார்டில் அவளுக்குக் ‘கறார் சிஸ்டர்’ என்று பெயர். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டால் மந்திரியே வந்தாலும் வெளியே தள்ளிவிடுவாள் என்பார்கள். புருஷன் போன பிறகு அவளுக்கு வார்டுதான் வீடு. வீடு என்பது தூங்கப் போகிற இடம்.

அது ரத்தப் புற்றுநோய் வார்டு. வாரம் ஒருமுறை காணொளிக் கூட்டம் நடக்கும். பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்கள் திரையில் வருவார்கள். வார்டு டாக்டர் பரிசோதனை முடிவுகளைக் காட்ட, எல்லோரும் கலந்து பேசிச் சிகிச்சையை முடிவு செய்வார்கள். நோயாளியை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை. அதனால் கடைசியில் சிஸ்டரிடம் கேட்பார்கள்: “ஆள் எப்படி இருக்கார்? நடமாடுறாரா, படுத்தே இருக்காரா?”

இந்தக் கேள்வி வார்டில் படுத்திருந்த லிப்ட் மெக்கானிக் ஒருவரின் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அவருக்கு நோய் திரும்பி வந்திருந்தது. கடுமையான மருந்து கொடுத்து, பிறகு தங்கையின் ஸ்டெம் செல்லை ஏற்றினால் பிழைக்க வழியுண்டு. உடம்பு தாங்காது என்று பட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

கூட்டத்தன்று காலையிலேயே முகம் மழித்துக்கொண்டு வராந்தாவில் நடக்க ஆரம்பித்தார்.

“என்ன அண்ணே, மாப்பிள்ளை மாதிரி மினுக்குறீங்க?”

“நல்லா நடக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சிஸ்டர். ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். என்னை ஒரு மாடி ஏத்திவிட மாட்டீங்களா?”

“விழுந்து கிழுந்து வைக்காதீங்க. அண்ணிகிட்ட யாரு திட்டு வாங்குறது?”

“அவ இப்பல்லாம் திட்டுறதே இல்ல. அதான் பயமா இருக்கு.”

சிரித்துக்கொண்டே திருப்பத்தைக் கடந்து மறைந்தார். திரும்பி வரக் காணோம். சிஸ்டர் போய்ப் பார்த்தாள். குளியலறை வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. முதுகைத் தடவிக்கொண்டிருந்த மனைவி சிஸ்டரைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

கூட்டத்தில் கேள்வி வந்தது. அந்த மருந்து தாங்காமல் போனவர்களைச் சிஸ்டர் இதே கையால் துணி சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

“காலைல நடந்தார், டாக்டர்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வார்டு டாக்டர்கூட அடுத்த நோயாளியின் பக்கத்தைத் திறந்துவிட்டார்.

“நமக்குக் காட்டுறதுக்காக நடந்தார். அப்புறம் எந்திரிக்க முடியல. பகல்ல முக்கால்வாசி நேரம் படுக்கைதான்.”

திரையிலிருந்த ஒரு பெண் டாக்டர், “அப்போ தாங்க மாட்டார். வலி இல்லாம வெச்சுக்கலாம்” என்றார். மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

வார்டு டாக்டர் கட்டிலருகே நின்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். மெக்கானிக் அவரைப் பார்க்கவே இல்லை, பின்னால் நின்ற சிஸ்டரைப் பார்த்தார்.

“சிஸ்டர், நான் நடந்ததைச் சொன்னீங்களா?”

“சொன்னேண்ணே. உக்காந்ததையும் சொன்னேன்.”

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் வெகுநேரம் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“நாளைலேருந்து ஊசிக்கு வேற சிஸ்டரை அனுப்புங்க.”

“சரிண்ணே.”

மறுநாள் காலை வேறொருத்தி ஊசித் தட்டோடு கிளம்பினாள். கறார் சிஸ்டர் அவளை வாசலில் நிறுத்தினாள்.

“இடது கையில நரம்பு கிடைக்காது. வலதுல பாரு. மெதுவா.”