சாயங்கால நாற்பது

வேப்பம்பட்டில் நேற்று மாலை வோல்டேஜ் குறைந்து எங்கள் ஹால் பல்பு மங்கியதும், திருவள்ளூர் வீட்டில் அப்பா செய்த மீட்டர் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் அவர் வெளியூர் நண்பர்களோடு பேச ஹாம் ரேடியோ வைத்திருந்தார். பேட்டரியில் ஓடிய டிரான்ஸ்மிட்டர் எத்தனை வாட் அனுப்புகிறது என்று காட்டத்தான் அந்த மீட்டர். அதில் அளவு குறிக்க, நாற்பது வாட் பல்பு ஒன்றை வீட்டுக் கரண்டிலும், அதே போல் இன்னொன்றை டிரான்ஸ்மிட்டரிலும் எரியவிட்டார். இரண்டும் ஒரே வெளிச்சம் தந்தால் டிரான்ஸ்மிட்டரும் நாற்பது வாட் அனுப்புகிறது என்பது அவர் கணக்கு. விளக்கு வைக்கிற நேரம். தன் கண்ணை நம்பாமல் அம்மாவைக் கூப்பிட்டார்.

“ரெண்டும் ஒண்ணா எரியுதா பாரு.”

“ஒண்ணாத்தான் எரியுது.”

முள் நின்ற இடத்தில் கோடு போட்டு ‘நாற்பது’ என்று எழுதினார். அன்றே ரேடியோவில் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும்விட்டார்.

மறுநாள் பகலில் பார்த்தால் வீட்டுக் கரண்ட் பல்பு கண்ணைப் பறித்தது. டிரான்ஸ்மிட்டர் பல்பு அழுது வடிந்தது. ஊரே விளக்குப் போடும் சாயங்காலத்தில் எங்கள் தெருவுக்கு முழு வோல்டேஜ் வராது என்பதை அவர் மறந்திருந்தார்.

“பாத்துக்கினுதானே இருந்தே, நீயாவது சொல்லக்கூடாதா?”

“ஒண்ணா எரியுதான்னுதானே கேட்டீங்க? நல்லா எரியுதான்னா கேட்டீங்க?” என்றாள் அம்மா.

அப்பா கோட்டை அழிக்கவில்லை. ‘நாற்பது’க்கு முன்னால் ‘சாயங்கால’ என்று சேர்த்து எழுதினார்.

“இன்னா, லைட்டு இவ்ளோ டல்லா கீது?” என்றார் நேற்று என் கணவர்.

“நாப்பதுதான். சாயங்கால நாப்பது” என்றேன்.