எங்கள் தெருவின் கிளிஃப்டன்கள்

அப்பாவின் அந்தக் கம்பளிக் கோட்டில் எப்போதும் 'பாச்சா உருண்டை' வாசம் அடிக்கும். சித்தையன்கோட்டைப் பக்கம் எங்கள் காலனிக்கு மாதா கோயில் வழியாக வந்த இங்கிலாந்துப் பழந்துணி மூட்டையில் அப்பாவுக்குக் கிடைத்தது. கழுத்துப்பட்டையின் உட்புறம், முன்பு அதை உடுத்தியவரின் குடும்பப்பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருந்தார்கள்: கிளிஃப்டன். கொளுத்தும் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு போன நேர்காணலில்தான் வாத்தியார் வேலை கிடைத்தது என்பதால், அடுத்துப் பிறந்த எனக்கு அப்பா அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

"ராசியான பேரு" என்று சித்தப்பா தன் மகனுக்கும் வைத்தார். பிறகு எதிர்வீடு, அடுத்த சந்து என்று பரவி, தொண்ணூறுகளின் நடுவில் தெருமுனையில் நின்று "ஏலே கிளிஃப்டன்" என்று ஒரு குரல் கொடுத்தால் வாசலுக்கொரு தலை முளைக்கும். நான் 'கோட்டு கிளிஃப்டன்'. சித்தப்பா மகன் 'சளி கிளிஃப்டன்'.

ஆறாம் வகுப்புக்கு என்னைத் திண்டுக்கல்லில் சேர்க்க அப்பா வீடு தேடினார். போன இடமெல்லாம் ஏதோ காரணம் சொன்னார்கள். கடைசியில் ஒரு மாடி வீடு அமைந்தது. வீட்டுக்கார அம்மாளும் எங்களைப் போல வேதக்காரர், ஹாலில் இருதய ஆண்டவர் படம் மாட்டியிருந்தவர். அப்பா கையில் சாவியைக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பேரென்ன அப்பு?"

சொன்னேன். சிரித்தார்.

"இங்க பாத்திரம் கழுவ வாரவ மகனுக்கும் இதே பேருதான். அவளும் சித்தையன்கோட்டைப் பக்கந்தான். நீங்களும் அந்தத் தெருவா சார்?"

அப்பா சாவியைச் சட்டைப்பையில் போட்டார்.

"இப்பத்தான் மக போன் பண்ணுனா, மாடி அவளுக்கு வேணுமாம். தப்பா எடுத்துக்காதீங்க" என்று அந்த அம்மாள் சாவிக்குக் கையை நீட்டினார். போன் எங்கள் கண்ணெதிரில்தான் இருந்தது. நாங்கள் நுழைந்ததிலிருந்து அது அடிக்கவே இல்லை. திரும்ப வாங்கிய சாவியை முந்தானையில் துடைத்துத்தான் ஆணியில் மாட்டினார்.

"இனிமே உன் பேரு ராஜேஷ்" என்றார் அப்பா, பேருந்தில். "டவுன்ல எவன் பழைய பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாத."

அந்தப் பெயரில் வீடும் கிடைத்தது, பள்ளியும் கிடைத்தது. அந்த வருஷமே பேருந்து நிலையத்தில் எங்களைக் கண்ட சித்தப்பா மகன், என் பெயரைக் கத்திக்கொண்டு ஓடிவந்தான். அப்பா என் பிடரியைப் பிடித்து முன்னால் தள்ளினார். நான் திரும்பவில்லை.

பின்னாளில் படித்தேன்: இங்கிலாந்தில் கிளிஃப்டன் என்பது பல ஊர்களின் பெயராம், ஊரைவிட்டுப் போனவனைப் போன இடத்தில் அந்த ஊர்ப்பெயரால் கூப்பிடக் கூப்பிட, அதுவே குடும்பப்பெயராகிக் கடல் தாண்டியதாம். எங்கள் தெருவில் இன்று ஒரு கிளிஃப்டனும் இல்லை. இருந்தவர்களும் வேலைக்குப் போகுமுன் மாற்றிக்கொண்டார்கள். போன வருஷம் என் மகளுக்குப் பெயர் முடிவு செய்து அப்பாவிடம் சொன்னேன். அர்த்தமெல்லாம் அவர் கேட்கவில்லை.

"நம்ம ஆளுக யாரும் வைக்காத பேருதான?" என்றார்.