செவந்தியின் பச்சை இன்ஜின்

இலுப்பூர் கடைவீதியில் செவந்தி பாத்திரக்கடை எது என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். ரயிலு கடை என்று கேட்டால் உடனே கை காட்டிவிடுவார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் செவந்திக்கு ஊரில் ரயிலு என்றுதான் பேர். அவள் பிறந்தது ரயிலில்.

அவளுடைய அம்மா மருதாயி நிறைமாதமாக இருந்தபோது திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு, இன்னும் நாள் இருக்கிறது என்று அங்கே சொன்னதை நம்பிப் புதுக்கோட்டை வண்டியில் ஏறினாள். அப்போது மீட்டர்கேஜ் பாதை, கரி இன்ஜின். கீரனூர் தாண்டியதும் இடுப்புவலி வந்துவிட்டது. நார்த்தாமலையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் யாரோ சங்கிலியைப் பிடித்து இழுத்தார்கள். பொட்டல்வெளியில் வண்டி நின்றது. இன்ஜினிலிருந்து இறங்கி வந்த டிரைவர் பீட்டர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பெட்டியிலிருந்த ஆண்களை எல்லாம் கீழே இறக்கிவிட்டார். பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்தார்கள். வெந்நீருக்கு எங்கே போவது என்று ஒருத்தி பதறினாள்.

"வெந்நிக்கா பஞ்சம்? வண்டியே அதுலதானம்மா ஓடுது" என்று சொல்லிவிட்டு, பீட்டர் இன்ஜினிலிருந்தே ஒரு வாளி பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாராம்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அதே பீட்டர், ஆஸ்பத்திரியில் விலாசம் விசாரித்துக்கொண்டு மருதாயி வீட்டுக்கு வந்தார். துண்டில் சுற்றி ஒரு பொம்மை இன்ஜின் கொண்டுவந்திருந்தார். பித்தளைத் தகட்டிலும் தகரத்திலும் அவரே செய்தது. பிள்ளையின் பக்கத்தில் அதை வைத்துவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அவர் வரவே இல்லை.

மருதாயி இந்தக் கதையை வீட்டுக்கு வருகிற யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கும் சொல்வாள், மீட்டர் கணக்கெடுக்க வந்தவருக்கும் சொல்வாள். செவந்திக்குச் சின்ன வயதில் அது வெட்கமாக இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா போன பிறகுதான், அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை என்பது உறைத்தது.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வெள்ளையடித்தார்கள். அலமாரியில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கியபோது இன்ஜினும் இறங்கியது. அதன் மேலிருந்த பெயின்ட் மீன் செதில் மாதிரி உதிர்ந்தது. ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அவளுடைய அப்பா கையில் கிடைத்த பெயின்டை அதற்கும் ஒரு பூச்சு பூசிவிடுவார். மேலே சில்வர், அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே கருப்பு. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, நிஜ இன்ஜின் எப்படி இருந்ததோ அப்படியே புதுசாக அடித்துவிட வேண்டும் என்று செவந்தி தின்னரும் பழைய துணியுமாக உட்கார்ந்தாள்.

கருப்புக்கும் அடியிலிருந்து இலைப்பச்சை வந்தது. பக்கவாட்டில், டிரைவர் நிற்கும் இடத்துக்குக் கீழே, உளியால் பொளிந்த எண்கள் தெரிந்தன: 2913. பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவள் என்பதால் செவந்தி அந்த எண்களை விரலால் தடவிப் பார்த்தாள். நிதானமாக, ஆசையாக வெட்டியிருந்தார்கள்.

"கரி இன்ஜினுன்னா கருப்பாத்தானங்க இருக்கும்? இது ஏன் பச்சையா இருக்கு?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும், நான் என்ன ரயில்லயா பொறந்தேன்?" என்றார் உடையப்பன். சொன்னாரே தவிர, அன்றைக்கே அதைப் போட்டோ எடுத்து, ரயில் பைத்தியங்கள் கூடுகிற ஒரு பேஸ்புக் குழுவில் எண்ணோடு போட்டுவிட்டார்.

ஒரு வாரத்தில் விக்ரம் என்று ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்தார். பேங்கில் வேலை, பழைய இன்ஜின்களின் படங்களைச் சேர்ப்பது பொழுதுபோக்கு. அவர் சொல்லித்தான் 2913-இன் கதை தெரிந்தது. அது கப்பலில் வந்து இறங்கிய இன்ஜின். திருச்சியிலிருந்து காரைக்குடிக்கும் மானாமதுரைக்குமாக வருஷக்கணக்கில் ஓடியிருக்கிறது. டீசல் வந்த பிறகு கொஞ்ச நாள் சரக்கு இழுத்தது. தொண்ணூறுகளில் ஓரங்கட்டி, பிறகு பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். உடைப்பதற்கு முன்னால் யாரோ எடுத்த படம் ஒன்றை விக்ரம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வரிசையாக நின்ற இன்ஜின்களில் மூன்றாவது. சக்கரத்தைச் சுற்றி ஆவாரஞ்செடி முளைத்திருந்தது. புகைக்கூண்டின் மேல் ஒரு காக்கை.

செவந்தி அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தாள். தூரத்து ஊரில் இருந்த சொந்தக்காரர் செத்த செய்தி வருஷங்கழித்து வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டாள்.

நிறம் மட்டும் விக்ரமுக்கும் புரியவில்லை. "கருப்புதாங்க. பச்சைக்கு வாய்ப்பே இல்ல" என்றார். ஆனால் விசாரித்து இன்னொரு தகவல் கொடுத்தார். பீட்டர் டிரைவர் எப்போதோ இறந்துபோனார், அவர் மகள் ஷர்லி பொன்மலைப்பட்டியில் இருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செவந்தியும் உடையப்பனும் இன்ஜினைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கதவைத் திறந்த ஷர்லிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். யார், எந்த ஊர் என்று செவந்தி சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. துண்டைப் பிரித்ததும் மட்டும் எழுந்து கிட்டே வந்தார். இன்ஜினின் நெற்றியில் விளக்குக்குப் பதிலாக ஒட்டியிருந்த முத்து வெள்ளைப் பட்டனைத் தொட்டார்.

"இது என் கவுன் பட்டன்" என்றார்.

செவந்திக்குப் புரியவில்லை.

"கிறிஸ்மஸ்க்குன்னு டாடி எனக்காகச் செஞ்சது இது. டூட்டி இல்லாத நாள்ல எல்லாம் ஒக்காந்து தட்டிக்கிட்டே இருப்பாரு. லைட்டுக்கு என்ன வைக்கலாம்னு கேட்டாரு. நான் கவுன்லேருந்து பட்டனப் பிச்சுக் குடுத்தேன். அம்மாகிட்ட அடி வாங்குனேன். அப்பறம் ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து பாக்குறேன், அலமாரில இன்ஜின் இல்ல. ரயில்ல பொறந்த பாப்பாவுக்குக் குடுத்துட்டேம்மா, ஒனக்கு வேற செஞ்சு தாரேன்னாரு."

"செஞ்சு குடுத்தாரா?" என்றாள் செவந்தி.

"எங்க! டூட்டி டூட்டின்னு அலைஞ்சாரு. ரெண்டு வருசத்துல நெஞ்சுவலி வந்து போயிட்டாரு." ஷர்லி நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒன் மேல எம்புட்டு கோவம் தெரியுமா எனக்கு? பேர்கூடத் தெரியாது. அந்தப் பாப்பா, அந்தப் பாப்பான்னுதான் திட்டுவேன். ஜெபம் பண்றப்பகூட ஒன்ன மட்டும் விட்டுட்டுத்தான் பண்ணுவேன்."

"நான் என்னக்கா பண்ணுவேன்? எனக்குத் தலைகூட நிக்காத வயசு" என்றாள் செவந்தி.

ஷர்லி அவளை நிமிர்ந்து பார்த்தார். முதலில் உடையப்பன்தான் சிரித்தார். பிறகு ஷர்லி சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் அங்கேதான் சாப்பாடு. விக்ரம் அனுப்பிய படத்தைக் காட்டியபோது ஷர்லி போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இதத் தொடைக்காம டாடி மேல ஏறமாட்டாரு. இப்புடிச் செடி மொளைக்க விட்டுட்டாங்களே" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது செவந்தி இன்ஜினை மேஜை மேலேயே விட்டுவிட்டு எழுந்தாள். "இது ஒங்களுதுக்கா. வச்சுக்கங்க."

ஷர்லி வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "நான் திரும்ப வாங்குனா டாடி குடுத்தது குடுக்காத மாதிரி ஆயிரும். நீ கொண்டு போ. ஆனா பெயின்டு நான்தான் அடிப்பேன். யாரும் தொடக்கூடாது."

சொன்னபடியே அடுத்த வாரம் இலுப்பூருக்கு வந்து இறங்கினார். செவந்தி கருப்பு டப்பாவும் பச்சை டப்பாவும் வாங்கி வைத்திருந்தாள். நிஜ இன்ஜின் மாதிரியே ஆக்கிவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இன்னும் விடவில்லை. படத்தைக் காட்டி, "நெசத்துல கருப்புதானக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நெசத்துல கருப்புதான். என்ன கலர் வேணும்னு டாடி கேட்டாரு, நான் பச்சைன்னேன். சரின்னு பச்சைய வாங்கிட்டு வந்துட்டாரு" என்றார் ஷர்லி.

ஒரு மாதமாகத் தேடிய பதில் இவ்வளவுதான். செவந்தி கருப்பு டப்பாவின் மூடியைத் திறக்காமலே உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

கடைக்குப் பின்னால் தினசரித் தாளை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உடம்புக்கு இலைப்பச்சை, முன்னால் மாடு தள்ளும் கம்பிக்குச் சிவப்பு. சக்கரத்தைச் சுற்றி ஷர்லி வெள்ளைக் கோடு இழுத்தார். கோடு ஒரு இடத்தில் கோணிக்கொண்டது. துடைக்கப் போன உடையப்பனின் கையைச் செவந்தி தட்டிவிட்டாள். 2913 என்ற எண்களுக்குள் மட்டும் அவளே மெல்லிய பிரஷ்ஷால் வெள்ளை நிரப்பினாள். பட்டனை எண்ணெய் போட்டுத் துடைத்ததும் பளிச்சென்று ஆனது.

பெயின்ட் காயக் காத்திருந்தபோது பேச்சு பீட்டரிடமே போயிற்று. கரித்தூள் படிந்த காதுகளோடு வீட்டுக்கு வருவார், சாப்பாட்டுத் தூக்கில் பாதி முறுக்கை மகளுக்காக மிச்சம் வைத்திருப்பார், தூக்கத்தில் விசில் கயிற்றை இழுக்கிற மாதிரி கையை ஆட்டுவார். செவந்தி அவரை நினைவு தெரிந்து பார்த்ததே இல்லை. இருந்தாலும் இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிலுக்கு மருதாயி எப்படி எல்லாரையும் உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்வாள் என்று நடித்துக் காட்டினாள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஷர்லி ஓடவேண்டியதாயிற்று.

டிசம்பர் பிறந்ததும் பொன்மலைப்பட்டியிலிருந்து போன் வந்தது. "கிறிஸ்மஸ் குடில் போட ஆரம்பிச்சுட்டேன். இன்ஜின எப்ப எடுத்துக்கிட்டு வார?"

செவந்தி கொண்டுபோய்க் கொடுத்தாள். வைக்கோல் போட்ட தொழுவத்துக்கு ஓரமாக, ஆட்டுக்குட்டிகளுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் பச்சை இன்ஜின் நின்றது. வந்த உறவுக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். இவங்க யாரு என்று செவந்தியைக் காட்டிக் கேட்டவர்களிடம் ஷர்லி, "என் தங்கச்சி" என்றார். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை.

பொங்கலுக்குத் திருப்பிக் கொண்டுவருவதாகப் பேச்சு. பொங்கலும் போய்விட்டது, செவந்தி இன்னும் கேட்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள், இன்ஜின் எங்கே காணோம் என்று விசாரித்தால் தராசில் குடத்தை வைத்தபடியே சொல்கிறாள்:

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கு. இருந்துட்டு மெதுவா வரட்டும்."