குஞ்சம்மா வேனில் உடையாத பல்

உலகத்தில் குஞ்சம்மா மரியாதை வைத்திருந்தது இரண்டே பொருள்கள் மேல்தான். ஒன்று பிரேக், இன்னொன்று பெல்ட். மனிதர்கள் அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கவில்லை. மலேசியாவின் புலாவ் செபாங்கில் பதினான்கு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். பிள்ளை குட்டியோடு நாலு பேரை ஒரே மோட்டார் சைக்கிளில் அடுக்கிக்கொண்டு போகிறவனைக் கண்டால் ஹார்ன் அடிக்க மாட்டாள். கண்ணாடியை இறக்கி, "இன்னும் கொஞ்சம் எடம் இருக்கே தம்பி, மாமியாரையும் ஏத்திக்கிறதுதானே?" என்பாள்.

செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பதினெட்டு வயதில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போய், பதினோரு வருடம் பேக்டரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். ஒருநாள் மாடு குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பஸ் நின்றுவிட்டது. குஞ்சம்மாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவள் மட்டும் நிற்காமல் நாலு சீட்டைத் தாண்டிப் போய் முன்கண்ணாடியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இதற்கு ஒரு வெள்ளைக்காரர் முந்நூறு வருடத்துக்கு முன்பே விதி எழுதி வைத்திருக்கிறார் என்று பிற்பாடு யாரோ சொன்னபோது, "இதுக்குப் போயி அவ்வளோ படிக்கணுமா? எங்க பேக்டரி பஸ்ல ரெண்டு நாள் வந்திருந்தா போதுமேலா" என்றாள்.

முப்பத்தொன்பது வயதில் லைசென்ஸ் எடுக்கப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்த தேர்வாளரைப் பார்த்து, நீங்கள் பெல்ட் போட்டால்தான் வண்டி நகரும் என்றாளாம். மனிதர் பெல்ட் போட்டார், மார்க் போடவில்லை. அடுத்த மாதம் மறுபடி போய் வாயை மூடிக்கொண்டு வாங்கினாள். அவள் வாழ்நாளில் வாயை மூடியிருந்த அரை மணி நேரம் அது ஒன்றுதான் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

வேனில் பதினான்கு பிள்ளைகள். எல்லா சீட்டுக்கும் தோளோடு சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டை அவளே மாட்ட வைத்தாள். பதினான்கு 'டக்' காதில் விழாமல் கியர் போட மாட்டாள். இதனால் தினமும் ஐந்து நிமிடம் தாமதம் என்று பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்து அவர்கள் என்ன சாதிக்கப்போகிறார்கள் என்பது அவளுக்கு விளங்கவே இல்லை.

அந்தப் பதினான்கில் ஒன்று தேவிஸ்ரீ, இரண்டாம் ஆண்டு படிக்கிற எட்டு வயதுக் குட்டி. அவளுடைய அப்பா காந்தன், கைப்பேசிக் கடைக்கு மேல்மாடியில் ட்யூஷன் நடத்துகிறவர். ஃபிசிக்ஸ் என்றால் காந்தன் சார்தான். கையைக் கட்டிக்கொண்டு தொலைதூரத்தைப் பார்க்கும் அவருடைய படம் வாசல் பேனரில் ஆள் உயரத்துக்கு இருக்கும். இயக்க விதிகள் மூன்றையும் தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மும்மொழியிலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை தேவிஸ்ரீ வேனுக்கு வரவில்லை. பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது புதுக் கார் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. காந்தன் மகளைக் கையைப் பிடித்து இறக்கினார். குட்டியின் முன்பல் பாதியோடு போயிருந்தது. பால்பல் விழுந்து முளைத்து ஒரு வருடம்கூட ஆகாத பல்.

"எப்படிக்கா வண்டி ஓட்டுறீங்க? வெள்ளிக்கெழம நீங்க அடிச்ச பிரேக்குல பாருங்க, பிள்ள பல்லு போச்சி!" என்றார் காந்தன், வாசலில் நிற்கும் பெற்றோர் எல்லாருக்கும் கேட்கும்படி.

"என் வேன்லயா? வெள்ளிக்கெழம கொய்யாக்காய கடிச்சிக்கிட்டேதான சார் எறங்கிச்சி. பல்லு நல்லாத்தான் இருந்திச்சி."

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

பெற்றோர்கள் இருவரையும் பார்த்தார்கள். ஒரு பக்கம் பேனரில் படம் போட்ட வாத்தியார், இன்னொரு பக்கம் ஸ்லிப்பர் போட்ட வேன்காரி. முடிவு செய்ய அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

குஞ்சம்மா காருக்குள் எட்டிப் பார்த்தாள். சனிக்கிழமைதான் முனியாண்டி கோயிலில் காருக்குப் பூஜை போட்டிருந்தார்கள். டயரில் நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பெல்ட் கொக்கி மாட்டும் இடத்தில் வாரே இல்லாத வெறும் கொக்கி ஒன்று செருகியிருந்தது. பெல்ட் போடாவிட்டால் கார் கீங் கீங் என்று கத்துமே, அதன் வாயை அடைப்பதற்கென்றே கடையில் விற்கிற சாமான். பிள்ளையின் உயிரைக் காப்பாற்றக் கத்துகிற காரின் வாயை அடைத்துவிட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார் ஃபிசிக்ஸ் வாத்தியார். குஞ்சம்மாவுக்கு அங்கேயே எல்லாம் புரிந்துபோயிற்று. வாயைத் திறப்பதற்குள் கார் கிளம்பிவிட்டது.

சாயங்காலத்துக்குள் பெற்றோர் வாட்சாப் குழுவில் சேதி பற்றிக்கொண்டது. குஞ்சம்மா நாலு நிமிடம் பேசி அனுப்பிய குரல் பதிவை ஒருவரும் திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை அனுப்புகிற வாணி மட்டும் போன் செய்தாள்.

"ஒங்க மேல தப்பில்லன்னு எனக்குத் தெரியும்லா அக்கா. ஆனா சாரே சொல்றாரு. எங்க பெரியவன் வேற அவருகிட்டதான் ட்யூஷன் போறான். கொஞ்ச நாளைக்கு நானே பிள்ளைங்கள ஏத்திக்கிறேன்."

"எதுல ஏத்துவ? மோட்டார்லயா?"

"ஆமாக்கா."

"ரொம்ப நல்லது. சார் கிட்டயே ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்க."

புதன்கிழமைக்குள் தேவிஸ்ரீயோடு சேர்த்து ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இன்னும் இரண்டு போனால் வேனை நிறுத்தவேண்டியதுதான். அதைவிட வயிற்றை எரித்தது வேறொன்று. ஒரு பிள்ளைக்கும் கீறல் விழாமல் பதினான்கு வருடம் சேர்த்த பெயரை, ஒரு மனிதர் தன் மானத்தைக் காப்பாற்றத் தூக்கி சாக்கடையில் போட்டுவிட்டார். அந்த இரண்டு நாளும் யாரையும் கேலி செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை மாலை காந்தனின் ட்யூஷன் மாடியேறினாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை அடுக்கிக்கொண்டே போனாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. படிவம் நான்கு படிக்கிற பதினாறு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் இருந்தார்கள். ஓரத்து மேசையில் தேவிஸ்ரீ தலையைக் குனிந்து வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். பலகையில் ஒரு பஸ் வரைந்திருந்தது.

"பஸ் சடன் பிரேக் போட்டா பயணி என்னாவாங்க?" என்றார் காந்தன்.

"முன்னுக்குப் போவாங்க சார்!"

"ஏன்?"

"இனர்ஷியா!"

குஞ்சம்மா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தூக்கினாள். "எனக்கு ஒரு சந்தேகம் சார்."

காந்தனின் முகம் சுருங்கியது. ஆனால் இருபது ஜோடிக் கண்கள் பார்க்கும்போது சந்தேகம் கேட்பவளை வெளியே போ என்று சொல்ல முடியுமா? "கேளுங்கக்கா."

"அந்த பஸ்ல போறவங்க பெல்ட்டு போட்டிருந்தா?"

விடை தெரிந்த கேள்வி. தெரிந்த விடையைச் சொல்லாமல் இருக்க அந்த மனிதரால் முடியாது. "பெல்ட்டு அவங்கள பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற ஒரு விசையைக் குடுக்கும். ஒடம்பு வண்டியோட சேந்து நின்னுடும்."

"மொகம் முன்சீட்டுல போயி இடிக்குமா?"

"சரியா போட்டிருந்தா இடிக்காது."

"எழுதிக்குங்க பிள்ளைங்களா," என்றாள் குஞ்சம்மா. "அப்ப என் வேன்ல பெல்ட்டு போட்டு ஒக்காந்திருந்த பிள்ளைக்குப் பல்லு எப்படி சார் ஒடஞ்சிச்சி?"

மார்க்கர் பேனா பலகையிலேயே நின்றது. இருபது தலைகளும் வாத்தியார் பக்கம் திரும்பின. "அது வேற கேஸ்க்கா. நடைமுறையில பல காரணம் இருக்கும். அதெல்லாம் சிலபஸ்ல வராது" என்றார்.

"ஓ! விதி பரீட்சைக்கு மட்டுந்தானா? ரோட்டுக்குக் கெடையாதா? சரி, இத சொல்லுங்க. எப்படி இருந்தா சார் பல்லு ஒடையும்?"

அவர் பஸ் படத்தை அழிக்கத் திரும்பினார். ஓரத்து மேசையிலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பள்ளியில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். தேவிஸ்ரீ எழுந்து நின்றாள்.

"நின்னுக்கிட்டு வந்தா ஒடையும் ஆண்டி" என்றாள், உடைந்த பல் தெரியாமல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. "ரெண்டு சீட்டுக்கு நடுவுல நின்னா, ரேடியோ இருக்குல்ல, அங்க போயி இடிக்கும். கோயில்லேருந்து வர்றப்ப கொரங்கு ஓடிச்சி, அப்பா பிரேக்கு போட்டாரு."

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. மாடியேறும்போது அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளையெல்லாம் கொட்ட வேண்டிய நேரம் இதுதான். காந்தனைப் பார்த்து குஞ்சம்மா வாயைத் திறந்தாள். ஆனால் அவர் முகம் போன போக்கைப் பார்த்த குட்டிக்கு அதற்குள் நிறமே மாறிவிட்டது. சட்டை நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வேன்லன்னுதான் சொல்லணும்னு சொன்னீங்க அப்பா," என்றாள். "மறந்துட்டேன்."