முன்வரிசையில் முப்பது கதிரைகள்

காலை 7.46, டுசல்டோர்ஃப்.

ரெயில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

ஹம்பேர்க்குக்கு நாலு மணி நேரப் பயணம், ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். முன்கூட்டியே எடுத்ததால் ரிக்கற் 37 யூரோ 90 சதம். எங்கள் ஆட்கள் இவ்வளவு தூரம் போவதென்றால் கோயில் திருவிழா, கலியாணவீடு, செத்தவீடு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். நான் போனது ஒரு பாட்டுக்காரியைக் கேட்க. அவள் சுவிஸ்காரி, பெயர் ரேகுலா. உங்களுக்குத் தெரிந்திருக்காது. யாருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினையே.

அவள் பாடுவது பொப்பும் சோலும் கலந்த பாட்டு. சோல் என்றால் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த இசை. சுவிஸ் மலைப்பக்கத்துப் பெண்ணொருத்தி தன் ஊர்ப் பேச்சுமொழியில் சோல் பாடினால் என்ன நடக்கும்? சுவிஸ்காரர் “இது நம்முடைய பாட்டு இல்லையே” என்கிறார்கள். ஜெர்மன்காரர் “இவள் பேசுவது விளங்கவில்லையே” என்று சிரிக்கிறார்கள். ஈழத்தமிழர் நாங்கள் வாய் திறந்தால் இந்தியத் தமிழர் ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அதே சிரிப்பு. ஐந்து இசைத்தட்டுகள் வெளியிட்டும் அவள் இரண்டு நாட்டிலும் விருந்தாளியாகவே இருந்தாள்.

நான் அவளை முதலில் கேட்டது தெற்கே, சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில். அன்ட்ராக் என்கிற என் அகதி விண்ணப்பம் இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்ட கிழமை அது. பொதுச் சமையலறையில் ஒரு வானொலி இருந்தது. அதன் திருகி உடைந்துபோய் ஒரேயொரு சுவிஸ் நிலையம் மட்டும்தான் எடுக்கும். அரிசி கழுவிக்கொண்டு நிற்கும்போது அந்தக் குரல் வந்தது. தடித்த, கொஞ்சம் கரகரத்த குரல். பேருந்து திரும்பும் கடைசித் தரிப்பிடத்தில் ஒரு பெண் நிற்கிறாள், ஓட்டுநர் விளக்கை அணைக்கிறார், அவள் இறங்க மறுக்கிறாள். பாட்டு அவ்வளவுதான் என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அன்றைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஜெர்மனிக்கு வந்து முதல்முறையாக அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அழுது முடிந்ததும் பசித்தது. மூன்று நாளாகச் சாப்பிடாதவள் அன்று சோறு சாப்பிட்டேன்.

காலை 9.15, மூன்ஸ்ரர் தாண்டி.

பக்கத்து இருக்கையில் ஒரு மதுரைப் பெண். பிரேமன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். நான் தொலைபேசியில் தமிழில் கதைத்ததைக் கேட்டு அவளாகவே பேச்சுக் கொடுத்தாள்.

“கான்சர்ட்டுக்காகவா இவ்ளோ தூரம் போறீங்க ஆன்ட்டி? யாரு சிங்கர்?”

சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. என் இயர்போனில் ஒன்றை அவள் காதில் வைத்து அந்தப் பேருந்துப் பாட்டைப் போட்டேன். ரேகுலா உச்சத்துக்குப் போய்த் தொண்டையைக் காட்டுகிறவள் இல்லை. மேல்சுரத்தின் வாசல்வரை போவாள், நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம், அவள் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுவாள். அந்தத் திரும்புதலில்தான் எனக்கு உயிர் போகும்.

பெண் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டாள். “வாய்ஸ் செம்மயா இருக்கு ஆன்ட்டி. ஏன் யாருக்குமே தெரியல?”

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கத்தான் போகிறேன் என்றேன். பகிடியாகச் சொன்னாலும் அது உண்மை. மூன்று கிழமைக்கு முன் கேல்ன் நகரில் ரேகுலா பாடியபோது வந்தவர்கள் பதினான்கு பேர். பாட்டுக்கு நடுவில் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: “ஹம்பேர்க்கிலும் இப்படித்தான் என்றால் நான் நிறுத்திவிடுவேன். என் அக்காவின் பூக்கடையில் எனக்கு வேலை இருக்கிறது.” மற்றப் பதின்மூன்று பேரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் ஆஸ்பத்திரி சலவைப்பகுதியில் வேலை செய்கிறவள். சிரித்துக்கொண்டே வேலையை விடுகிறேன் என்று சொன்னவர்கள் எல்லோரும் உண்மையாகவே விட்டதைக் கண்டிருக்கிறேன்.

அன்றிரவே ஹம்பேர்க்கில் இருக்கும் யோகண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஹம்பேர்க் பிரதான நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர் சொன்னால் ஆட்கள் வருவார்கள்.

“அண்ணை, உங்களாலை எத்தினை பேரைக் கூட்டியர ஏலும்?”

“முப்பது பேர் காணுமோ? நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ பிள்ளை.”

நான் கச்சேரி மண்டபத்துக்கு எழுதி முப்பது இருக்கைகளைப் பதிவு செய்தேன், அதுவும் முன்வரிசைகளில். வரப்போகிறவர்களுக்கு ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னேன், ஏனென்றால் நேரே சொல்லாத இடத்துக்கு எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, அல்ரோனா, பின்னேரம் நாலு மணி என்று ஒரு செய்தியும் அனுப்பினேன். இருபத்தெட்டு பேர் கைகூப்பும் படம் திருப்பி அனுப்பினார்கள்.

பிரேமனில் இறங்கும்போது அந்தப் பெண் ரேகுலாவின் பெயரைத் தன் கைபேசியில் குறித்துக்கொண்டாள். ஒன்று கூடியது என்று எண்ணிக்கொண்டேன்.

பகல் 11.40, ஹார்பூர்க்.

யோகண்ணையின் வீடு ஹம்பேர்க்கின் தெற்குப் பக்கம், ஹார்பூர்க்கில். மூன்றாம் மாடி. படியேறும்போதே மீன் ரோல்ஸ் வாசம். அவருடைய மனைவி கமலாக்கா அறுபது ரோல்ஸ் உருட்டிப் பலகையில் அடுக்கிவைத்திருந்தார்.

“கச்சேரிக்கு வெறுங்கையோடை போறதே? பாடுற பிள்ளையும் சாப்பிடட்டும்” என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கணவாய்க்கறியும் புட்டும் சாப்பிட்டேன். இரண்டு மணியானதும் எனக்குப் பதற்றம் பிடித்தது. கமலாக்கா அப்போதுதான் எண்ணெய்த் தாச்சியை அடுப்பில் வைத்தார்.

“அண்ணை, நாலு மணிக்குத் தொடங்கிடும்.”

“ஓம், ஓம், தெரியும். நாலு மணிதானே. நீங்கள் முன்னுக்குப் போங்கோ. நான் ரெண்டு வான் வண்டியிலை எல்லாரையும் ஏத்திக்கொண்டு வாறன்.”

அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அதனால் எனக்கும் வரவில்லை.

பிற்பகல் 3.25, அல்ரோனா.

அல்ரோனா ஹம்பேர்க்கின் மேற்குப் பக்கம், எஸ்பான் என்ற நகர ரெயிலில் நாற்பது நிமிடம். மண்டபம் ஒரு பழைய நீச்சல்குளக் கட்டடம். குளத்தை மூடி மரத்தளம் போட்டு நூற்றிருபது கதிரைகள் வைத்திருந்தார்கள். நுழைவு 22 யூரோ. உள்ளே போனதும் முதல் மூன்று வரிசைகளைப் பார்த்தேன். ஒவ்வொரு கதிரையிலும் “பதிவு செய்யப்பட்டது” என்று ஜெர்மனில் அச்சடித்த வெள்ளைத்தாள், முப்பது தாள்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. படமும் எடுத்தேன்.

3.50க்கு வேறு ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் தாளைப் பார்த்துவிட்டு மரியாதையாக நாலாம் வரிசைக்கும் அதற்குப் பின்னாலும் போய் உட்கார்ந்தார்கள். மண்டபப் பொறுப்பாளர், தாடி வைத்தவர், என்னிடம் வந்தார்.

“உங்கள் குழு வருகிறதா?”

யோகண்ணைக்கு எடுத்தேன். “வெளிக்கிட்டிட்டம் பிள்ளை” என்றார். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் அழைப்பிதழில் நாலு மணி என்று போட்டால் ஐந்து மணிக்கு மண்டபம் திறப்பார்கள், ஆறு மணிக்கு ஆட்கள் வருவார்கள். நாலுக்கு வந்தவரைக் கதிரை அடுக்க விடுவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். ஆறு மணிக்கு ஆள் வேண்டுமென்றால் நாலு என்று போடவேண்டும், நாலுக்கு வேண்டுமென்றால் இரண்டு என்று போடவேண்டும். இருபது வருடமாகச் சலவைப்பகுதியில் நிமிடக்கணக்கில் அட்டை அடித்து அடித்து இந்தச் சின்ன விடயம் எனக்கு மறந்துபோயிற்று. நான் உண்மையான நேரத்தைச் சொல்லிவிட்டேன்.

பிற்பகல் 4.05.

ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு சுவிஸ்காரி என்பதால் தொடங்கினாள். மேடையில் அவளும் ஒரு கீபோர்ட்டும் மட்டும். விளக்கு முன்வரிசைகளில் விழுந்தது. மூன்று வரிசை வெள்ளைத்தாள்கள் அவளை நேரே பார்த்துக்கொண்டிருந்தன. முதல் பாட்டின் நடுவில் அவள் கண் அந்தத் தாள்களில் ஓடியதை நான் பார்த்தேன். வாசலைப் பார்த்தாள், திரும்பவும் தாள்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கண்ணைத் திறக்காமலே பாடினாள்.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் எழும்பிப்போய்த் தாள்களைப் பொறுக்கினேன். பின்னால் இருந்தவர்களை முன்னுக்கு வரச்சொல்லிக் கைகாட்டினேன். ஒரு வயதான சோடி தலையை ஆட்டினார்கள். “அது பதிவு செய்த இடம்” என்று மெதுவாகச் சொன்னார்கள். கடைசியில் முன்வரிசையில் நான் மட்டும் இருந்தேன், மடியில் முப்பது தாள்களோடு.

அவள் நன்றாகப் பாடினாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பத்துப் பேருக்கு இப்படிப் பாடுவது நியாயமே இல்லை. பேருந்துப் பாட்டைக் கடைசியில் பாடினாள். மேல்சுரத்தின் வாசலுக்குப் போனாள், இந்தமுறை திரும்பவில்லை. உள்ளே போய்விட்டாள். குரல் உடைந்தது. உடைந்த குரலோடு அந்த வரியை முடித்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை, இனிக் கேட்கப்போவதுமில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

இடைவேளை விடாமல் 5.10க்கு முடித்தாள்.

பிற்பகல் 5.20.

இசைத்தட்டு மேசைக்குப் பின்னால் தனியாக நின்றாள். கிட்டப் பார்த்தால் சின்ன உருவம், கண்ணுக்குக் கீழே களைப்பு. அவளுக்குச் சொல்ல ஒரு வசனம் பாடமாக்கி வைத்திருந்தேன். “உங்கள் குரல் அந்தச் சமையலறைக்கு வந்திராவிட்டால் நான் இன்றைக்கு இல்லை.” கேல்னில் வெட்கத்தில் சொல்லவில்லை. ஹம்பேர்க்கில், நிறைந்த மண்டபத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

நான் வாய் திறக்கமுன் அவள் பேசினாள். “நீங்கள் கேல்னுக்கும் வந்தீர்கள், இல்லையா? அங்கே பதினான்கு பேர். அது பரவாயில்லை, பழகிவிட்டது. ஆனால் இங்கே முப்பது பேர் இடம்பிடித்துவிட்டு வராமல் இருந்துவிட்டார்கள். என்னைத் தெரியாதவர்கள் வராமல் இருப்பது வேறு. வருகிறேன் என்று சொன்னவர்கள் மனம் மாறுவது வேறு. அந்தக் கதிரைகளைப் பார்த்த உடனேயே முடிவு செய்துவிட்டேன்.”

“அவர்கள் வருகிறார்கள்” என்றேன். “வந்துகொண்டிருக்கிறார்கள். அந்த இடங்களைப் பதிந்தது நான்தான்.”

அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்லுகிறேன் என்று நினைத்திருப்பாள். தாடிக்காரர் வந்து கணக்கு முடிக்க அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாடமாக்கிய வசனம் என் வாய்க்குள்ளேயே இருந்தது.

பிற்பகல் 5.45.

நான் மண்டபப் படியில் நின்றுகொண்டிருந்தேன். முற்றத்தின் ஒடுங்கிய வாசலால் இரண்டு வான்கள் உள்ளே திரும்பின. அதே நேரம், பின்கதவுப் பக்கமிருந்து ஒரு சின்ன நீலக் கார் வெளியே போக வந்தது. பின் இருக்கையில் கீபோர்ட் குறுக்கே கிடந்தது. சுவிஸ் இலக்கத்தகடு. வாசலில் ஒரு வண்டி போகத்தான் இடம். கார் நின்றது.

யோகண்ணை பண்பான மனிதர். முன் வானை ஓட்டிவந்தவர் அவர்தான். கையைக் காட்டி, “நீங்கள் முதல் போங்கோ” என்று சைகை செய்து, பின்வானையும் பின்னுக்கு எடுக்கச் சொல்லி, தெருவரைக்கும் பின்னால் போய் வழிவிட்டார். வானுக்குள் பட்டுச்சேலைகளும் மல்லிகைப்பூவும் தெரிந்தன. ரேகுலா அவருக்கு நன்றியாகக் கையுயர்த்தினாள். வானுக்குள் பார்த்து ஒரு சின்னப் புன்னகையும் செய்தாள். ஏதோ கலியாணவீட்டு ஆட்கள் என்று நினைத்திருக்கவேண்டும்.

நான் படியிலிருந்து ஓடினேன். “நில்லுங்கள்” என்று ஜெர்மனிலும் தமிழிலும் கத்தினேன். கார் தெருவில் திரும்பி, பச்சை விளக்கில் போய்விட்டது.

முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். சொன்னதைவிட ஒன்று கூட. கமலாக்கா ரோல்ஸ் தட்டைத் துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“என்ன பிள்ளை, இன்னும் தொடங்கேல்லையோ?” என்று கேட்டார் யோகண்ணை.

முடிந்துவிட்டது என்றேன். இப்போது வழிவிட்டீர்களே, அதுதான் அவள் என்று சொல்ல என்னால் ஏலவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நான் கூப்பிட்டேன், அவர்கள் வந்தார்கள், குளித்து உடுத்து ஒருவர் குறையாமல் வந்தார்கள். முற்றத்தில் நின்று எல்லோரும் ரோல்ஸ் சாப்பிட்டோம். தாடிக்காரரும் இரண்டு எடுத்தார்.

மாலை 7.30, திரும்பும் ரெயிலில்.

இந்த ரெயில் முப்பத்தைந்து நிமிடம் பிந்தி வெளிக்கிட்டது. கைப்பைக்குள் வெள்ளைத்தாள்கள் இருந்தன. கைபேசியில் ரேகுலாவின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். “ஹம்பேர்க்கோடு முடிந்தது. வந்தவர்களுக்கு நன்றி” என்று எழுதியிருந்தாள். கீழே கருத்து எழுதும் பகுதியை மூடியிருந்தாள். அந்த ஹைமில் எனக்கு அவள் சோறு போட்டாள். நான் அவளுடைய வாயை மூடினேன். இதை வேறு எப்படிச் சுற்றிச் சொன்னாலும் கடைசியில் இதுதான் வருகிறது.

பிரேமன் தாண்டும்போது யோகண்ணை தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, குறை நினையாதேங்கோ. சனங்களுக்குச் சரியான கவலை. அடுத்தமுறை அவ வரேக்கை வெள்ளெனவே சொல்லுங்கோ, நாங்கள் கட்டாயம் நேரத்துக்கு வருவம்.”

“ஓம் அண்ணை” என்றேன்.