கப்பல்ல நைனா தொலைஞ்ச மதியம்

அந்த ஹாரன் சத்தம் காதுக்கு முன்னாடி வயித்துக்குத் தெரியும். டேபிள் மேல இருக்கிற டம்ளர் லேசா அதிரும்... அப்புறம்தான் "பூ...ம்"னு கேக்கும். கடல்ல பனி இறங்கிட்டா, எதிர்ல வர்ற கப்பலுக்குத் தெரியணும்னு விட்டு விட்டு ஊதிகிட்டே இருப்பாங்க.

நம்ம சித்தூர் காலேஜ் குரூப்ல லதா கேட்டிருந்தா. "நீதான் வருஷா வருஷம் க்ரூஸ் போறியே, நாங்களும் புக் பண்ணிட்டோம், டிப்ஸ் குடு"ன்னு.

குடுக்கறேன் தாயே.

ரூம் கப்பலோட நடுவுல, கீழ் தளத்துல எடு. ஆட்டம் கம்மி. ஃப்ளைட்ல போய் இறங்கற அன்னிக்கே கப்பல் ஏறலாம்னு கணக்குப் போடாதே, ஃப்ளைட் லேட்டானா கப்பல் உனக்காக நிக்காது. பெரிய பெட்டி ரூமுக்கு வர சாயங்காலம் ஆயிடும்... மாத்திரை, ஸ்வெட்டர் எல்லாம் கைப்பையில இருக்கட்டும். பஃபேல முத நாளே நாளைக்கு சோறு கிடைக்காத மாதிரி தட்ட ரொப்பாதே. உன்னைத்தான் சொல்றேன் லதா.

அப்புறம் ரூம் கதவுல ஏதாவது ஒரு அடையாளம் ஒட்டி வை. இத மட்டும் மறக்காதே.

ஏன்னா அந்த காரிடார் இருக்கே... ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கதவு, ஒரே கார்ப்பெட், கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும். ஜன்னல் கிடையாது. பகல்லயே அதுல தனியா நடந்தா எனக்கு முதுகு சில்லுன்னு ஆகும்.

முதல் தடவை போனது அலாஸ்காவுக்கு. சியாட்டில்ல இருக்கிற தம்பி கூட்டிகிட்டுப் போனான். அவன் குடும்பத்துக்கு மேல் தளத்துல ரூம். கீழ எனக்கும் எங்கப்பா நைனாவுக்கும் ஒரு ரூம்.

நைனா விஜயபுரத்துல வேர்க்கடலை பயிர் வச்ச மனுஷன். குளிருக்குக் குரங்குக் குல்லா, காலுக்கு மட்டும் அதே ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பையும் ரூம் வாசல்லதான் விடுவாரு. கப்பல் ஆளு சிரிச்சிகிட்டே எடுத்து உள்ள வைப்பான். நைனா மறுபடியும் வெளிய வைப்பாரு.

"ஊட்டுக்குள்ள எவனாச்சும் செருப்போட வருவானா?"

அப்பவே கொஞ்சம் மறதி இருந்துது. குடிச்ச காபிய மறுபடியும் கேப்பாரு. வயசாச்சுல்லன்னு விட்டுட்டோம்.

கடல்ல பனி இறங்கின ஒரு மதியம் அவருக்குத் தயிர் சாதம் வேணும்னு மேல போனேன். திரும்பி வந்தா ரூம் காலி. பாத்ரூம்ல இல்ல. காரிடார்ல இல்ல. தம்பி ரூம்லயும் இல்ல.

ஸ்பீக்கர்ல அவர் பேரச் சொன்னாங்க. நானும் கப்பல் ஆளுங்க ரெண்டு பேரும் காரிடார் கோடி வரைக்கும் தேடிகிட்டே போனோம். அங்க ஒரு கனமான இரும்புக் கதவு. திறந்தா வெளி டெக், அதுக்கப்புறம் கடல்தான்.

கதவுக்கு இந்தப் பக்கம் நைனாவோட செருப்பு. ஜோடியா, ஒழுங்கா.

ரெண்டு பேரும் குனிஞ்சு செருப்பப் பாத்தாங்க. ஒருத்தர் வாக்கிடாக்கில மெதுவா ஏதோ சொன்னாரு. இன்னொருத்தர் என் முகத்தையே பாக்கல. கொஞ்ச நேரத்துல எஞ்சின் சத்தம் குறைஞ்சுது. கப்பல நிறுத்தறாங்க... எதுக்குன்னு எனக்கும் புரிஞ்சுது.

கதவத் திறந்தோம். வெள்ளை. வேற ஒண்ணுமே இல்ல. என் கையே எனக்குச் சரியாத் தெரியல. கடல் கீழ எங்கயோ சத்தம் போடுது, கண்ணுக்குத் தெரியல. அவங்க ரெண்டு பேரும் கம்பியோரமா குனிஞ்சு பாத்துகிட்டே போக, நான் சுவத்தப் புடிச்சிகிட்டு எதிர்ப்பக்கம் நடந்தேன்.

அந்த வெள்ளைக்குள்ள இருந்து குரல் வந்துது.

"செப்புலு பயட்ட விடிச்சி ராம்மா."

நைனாதான். லைஃப் போட்டுக்குக் கீழ ஒரு சாய்வு நாற்காலில, துண்ட போத்திகிட்டு நிம்மதியா உக்காந்திருக்காரு. உசுரு வந்துது எனக்கு... அடுத்த நொடியே போச்சு.

எங்க ஆந்திரா எல்லைப் பக்கத்துல வெளியாளுங்ககிட்ட தெலுங்கு, வீட்ல தமிழ். நைனா என்கிட்ட ஒருநாளும் தெலுங்குல பேசினதில்ல. செருப்பக் கழட்டிட்டு வாம்மான்னு ஒரு விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி சொல்றாரு.

"நைனா... நான்தான்."

சிரிச்சாரு. பக்கத்து நாற்காலியக் காட்டினாரு.

"கூர்ச்சோம்மா. மா அம்மாயி பெருகு தேவடானிக்கி போயிந்தி. இப்புடே ஒஸ்தாதி."

உக்காரு, எங்க பொண்ணு தயிர் வாங்கப் போயிருக்கு, இப்ப வந்துடும்.

நான் செருப்பக் கழட்டினேன். உக்காந்தேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல. பனிக்குள்ள டக்... டக்குன்னு யாரோ நடந்து வர்ற சத்தம். நைனா முகம் மலர்ந்துடுச்சு. சட்டுனு தமிழுக்கு மாறி, அந்தப் பக்கம் பாத்துக் குரல் குடுத்தாரு.

"வந்துக்கினு கீறியாம்மா?"

சத்தியமா சொல்றேன், வர்றது யாருன்னு பாக்க எனக்கு பயமா இருந்துது. நான் இங்க உக்காந்திருக்கேன். ஆனா அங்க நான் வந்துடுவேனோன்னு இருந்துது.

வெள்ளைய விலக்கிகிட்டு வந்தது கப்பல் ஆளு. கையில நைனா செருப்பு. நைனாவுக்கு முகம் தொங்கிப் போச்சு.

ஊருக்கு வந்ததும் அவரை என்கூட திருப்பதிலயே வச்சுகிட்டேன். டாக்டர் மாத்தி டாக்டர் பாத்தோம். கடைசி வரைக்கும் என்கிட்ட தெலுங்குதான். சோறு போட்டா, உனக்கு எதுக்கும்மா இந்த சிரமம்னு மரியாதையா கேப்பாரு. பொழுது சாஞ்சா வாசலப் பாத்துகிட்டே, "மா அம்மாயி ஒச்சிந்தா?"ம்பாரு. எங்க பொண்ணு வந்துட்டாளான்னு.

"ஒஸ்தா உந்தி, தாரிலோ உந்தி"ன்னு நானே சொல்லுவேன். வந்துகிட்டு இருக்கு, வழியில இருக்கு.

சில நாள் அந்தப் பொண்ணு மேல எனக்குப் பொறாமையாக் கூட இருந்துது.

நைனா போய்ட்டாரு. இப்ப கப்பல்லயும் எல்லாம் மாறிடுச்சு லதா, ஃபோன்ல ஆப் இருக்கு, யார் எங்க இருக்காங்கன்னு அதுலயே தேடலாம்.

அப்ப நான் பக்கத்துலயே உக்காந்திருந்தாலும், அந்தப் பொண்ணு வரும்னு ஒருத்தர் வாசலப் பாத்துகிட்டே இருந்தாரு. இப்ப அவ எவ்வளவு லேட்டா வந்தாலும், வந்துட்டாளான்னு கேக்க ஆள் இல்ல.